மொட்டை மாடித் தொட்டியில் 'தூத்துக்குடி முத்து' விளையுமா? சிப்பியின் மரபணு சொல்லும் கணக்கு

பெங்களூரு ஆஸ்டின் டவுனில், நந்தன் மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பர் ஒருவர் போனை நீட்டினார். ஐடி வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, வேலை எத்தனை நாளைக்கு இருக்கும் என்ற பயம் வேறு.

"மச்சா, நீ டேட்டா பார்க்கிற ஆளு. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. மொட்டை மாடியில தொட்டி கட்டி முத்துச் சிப்பி வளர்த்தா, அவங்களே முத்தைத் திருப்பி வாங்கிக்கிறாங்களாம்."

அது ஒரு விளம்பர வீடியோ. முதல் காட்சியில் தூத்துக்குடி கடல், பாண்டியர் காலக் கொற்கை, முத்துக்குளிக்கும் பரதவர். அடுத்த காட்சியில் சிமென்ட் தொட்டி, குளத்து மட்டி. கடைசியில் பயிற்சிக் கட்டணமும் வங்கிக் கணக்கு எண்ணும். முதல் காட்சிக்கும் இரண்டாவது காட்சிக்கும் நடுவில் என்ன விட்டுப்போனது என்று தேடப் போனபோதுதான், சிப்பியின் பிறப்பும் மரபணுவும் எவ்வளவு சுவாரசியமானவை என்று எனக்கே தெரிந்தது.

முத்து வளர்ப்பு பொய்யில்லை. அது அறிவியல். அந்த அறிவியலைத் தெரிந்துகொண்டால், யாரிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கடலா, குளமா? முதல் குழப்பம் இங்கேதான்

தூத்துக்குடி முத்து என்று நாம் சொல்வது மன்னார் வளைகுடாவில் வாழும் பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற கடல் சிப்பி தருவது. ஜப்பானின் புகழ்பெற்ற அகோயா முத்தும் இதே சிப்பியின் நெருங்கிய உறவிலிருந்து வருவதுதான். இரண்டும் ஒரே இனமா, கிளை இனமா என்பதில் வகைப்பாட்டியல் ஆய்வாளர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு.

தொட்டியில் வளர்க்கச் சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் லாமெல்லிடென்ஸ் என்ற நன்னீர் மட்டி. நம்ம ஊர் ஏரி, குளங்களில் சேற்றில் கிடக்குமே, அதுதான். இரண்டுமே இரட்டை ஓட்டு உயிரிகள், இரண்டுமே முத்து தரும். ஆனால் இரண்டும் பிறக்கும் விதம் முற்றிலும் வேறு.

கடல் சிப்பியின் குஞ்சு கடல்நீரில் தானாக நீந்தி வளரும். நன்னீர் மட்டியின் குஞ்சு அப்படியல்ல. குளோகிடியம் எனப்படும் அந்த இளம் பருவம், ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில காலம் ஒட்டுண்ணியாக வாழ வேண்டும். பிறகுதான் கீழே விழுந்து மட்டியாக வளரும். சரியான மீன் இல்லையென்றால் அடுத்த தலைமுறையும் இல்லை.

அதாவது, மீன் இல்லாத மாடித் தொட்டியில் மட்டி தானாகப் பெருகாது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். அந்த மட்டிகள் எங்கிருந்து வருகின்றன? பல நேரம் ஏதோ ஒரு ஏரியிலிருந்து அள்ளப்பட்டவைதான்.

ஒரு சிப்பி பிறக்கும் 24 நாள்

இனி கடல் சிப்பிக்கு வருவோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎம்எஃப்ஆர்ஐ) தூத்துக்குடி மையம் 1981-ல் இந்தச் சிப்பியின் குஞ்சு பொரிப்புத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அப்போது பதிவான வளர்ச்சிப் படிகள் ஏறக்குறைய இப்படி:

• முதல் நாள்: ஆண் சிப்பி விந்தணுவையும் பெண் சிப்பி முட்டையையும் நேராகக் கடல்நீரில் விடுகின்றன. கருவுறுதல் வெளியே, தண்ணீரில் நடக்கிறது. முட்டையின் விட்டம் சுமார் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் 20 முட்டைகளை வரிசையாக வைக்கலாம்.

• சுமார் 24 மணி நேரத்தில்: மெல்லிய ஓடு முளைத்து, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்துபோல இருக்கும். மயிர் போன்ற இழைகளை அசைத்து நீந்தும், நுண்பாசி தின்னும்.

• 10 முதல் 12-வது நாள்: ஓட்டின் மேல்பகுதி புடைக்கத் தொடங்கும்.

• 15-வது நாள்: கரும்புள்ளியாக ஒரு 'கண்' தோன்றும். உருவத்தைப் பார்க்காது, வெளிச்சத்தை மட்டும் உணரும்.

• 18-வது நாள்: ஒரு கால் முளைக்கும். இப்போது அதற்கு நீந்தவும் தெரியும், ஊர்ந்து இடம் தேடவும் தெரியும்.

• 20 முதல் 24-வது நாள்: பிடித்த இடம் கிடைத்ததும் நார் சுரந்து ஒட்டிக்கொள்ளும். நீந்தும் உறுப்பு மறைந்துவிடும். அளவு சுமார் 300 மைக்ரான். இனி இதுதான் சிப்பிக் குஞ்சு.

கிட்டத்தட்ட மூன்று வாரம் இந்தக் குஞ்சு நீரோட்டத்தின் கையில் இருக்கிறது. ஒட்டிக்கொள்ளப் பாறைத் திட்டு கிடைத்தால் வாழ்வு. மணலில் விழுந்தால் சாவு. கடலடியில் இருக்கும் அந்தப் பாறைத் திட்டுகளைத்தான் முத்துக்குளிப்பவர்கள் 'பார்' என்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தாய்ச் சிப்பி வாழ்நாளில் 10 லட்சம் முட்டை விடுவதாக வைத்துக்கொள்வோம். கடலில் சிப்பிகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க, அதில் சராசரியாக 2 பிழைத்தால் போதும். அதாவது 5 லட்சத்தில் ஒன்று. ஒரு வருடம் நீரோட்டம் சாதகமாக இருந்து அது 5 லட்சத்தில் பத்து என்று ஆனால்? பார் முழுக்கச் சிப்பி! ஒரு வருடம் பூஜ்யம் ஆனால்? பார் வெறிச்சோடிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆணா, பெண்ணா? வயதைப் பொறுத்தது

மனிதருக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம் இருப்பதுபோல முத்துச் சிப்பியில் பாலினத்தை முடிவு செய்யும் தனிக் குரோமோசோம் எதுவும் தெளிவாகக் கண்டறியப்படவில்லை. பிங்க்டாடா ஃபுகாட்டாவில் இளம் சிப்பிகள் பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்கின்றன. வளர வளர, ஒரு பகுதி பெண்ணாக மாறுகிறது. உணவும் சூழலும் இதில் பங்கு வகிக்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு சிக்கனம் இருக்கிறது. விந்தணு செய்யக் குறைந்த சக்தி போதும். முட்டை செய்ய உடலில் நிறையச் சேமிப்பு வேண்டும். சின்ன வயதில் ஆணாக இருப்பதும், உடம்பு தேறியதும் பெண்ணாவதும் சிப்பிக்கு லாபம்.

முத்தைக் கட்டும் ஜீன்கள் எவை?

சிப்பியின் ஓடும் முத்தும் ஒரே பொருளால் ஆனவை: கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதுவேதான். அப்புறம் முத்துக்கு மட்டும் ஏன் அந்த மினுமினுப்பு?

காரணம், அடுக்கும் விதம். ஓட்டின் வெளிப்புறத்தில் கால்சைட் என்ற வடிவில் தூண் தூணாக நிற்கும் கால்சியம் கார்பனேட், உட்புறத்தில் அரகோனைட் என்ற வடிவில் மெல்லிய தகடுகளாக அடுக்கப்படுகிறது. இதுதான் நேக்கர் எனப்படும் முத்துப் படலம். ஒவ்வொரு தகட்டின் தடிமன் அரை மைக்ரான் அளவு. அது ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவு என்பதால், பல அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடு ஒன்று கலந்து வானவில் சாயல் தருகிறது.

எந்த வடிவம், எந்த அடுக்கு என்று முடிவு செய்பவை புரதங்கள். அந்தப் புரதங்களுக்கான செய்முறைதான் ஜீன். 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நேக்ரின் என்ற புரதத்தை விவரித்தார்கள். 2009-ல் பிஃப் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. உயிருள்ள சிப்பியில் பிஃப் ஜீனின் செயல்பாட்டை அடக்கிப் பார்த்தபோது, தகடுகள் ஒழுங்காக அடுக்கப்படாமல் குலைந்துபோயின. சுண்ணாம்பு அதேதான், கொத்தனார் இல்லை; சுவர் எழும்பவில்லை.

இந்த ஜீன்கள் வேலை செய்யும் இடம் மேன்டில் என்ற மென்திசு. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் போர்வைபோல் இருக்கும் இதன் ஓரத்துச் செல்கள் வெளி அடுக்கையும், சற்று உள்ளே இருக்கும் செல்கள் நேக்கரையும் சுரக்கின்றன.

ஒரு முத்து, இரண்டு சிப்பிகளின் டிஎன்ஏ

'மணல் துகள் உள்ளே போனால் முத்து வரும்' என்று பள்ளியில் படித்திருப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மணலைச் சிப்பி வெளியே தள்ளிவிடும். 1902-ல் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்த பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்குக் காரணம் என்று வாதிட்டார். இன்றைய புரிதல்படி காரணம் எதுவாக இருந்தாலும், மேன்டிலின் மேல்தோல் செல்கள் இடம் மாறி உடலுக்குள் போய், ஒரு பையாக வளர வேண்டும். அந்தப் பைதான் முத்தைச் சுரக்கிறது.

வளர்ப்பு முத்தில் இதையே கையால் செய்கிறார்கள். ஒரு சிப்பியைப் பலி கொடுத்து, அதன் மேன்டிலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். இன்னொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்பில் மெல்லக் கீறி, ஓட்டிலிருந்து கடைந்த ஒரு உருண்டையையும் அந்தத் துண்டையும் சேர்த்து வைப்பார்கள். துண்டு வளர்ந்து உருண்டையைச் சுற்றிப் பையாகி, நேக்கர் பூசத் தொடங்கும்.

இந்த நுட்பத்தை ஜப்பான் நீண்ட காலம் கைக்குள் வைத்திருந்தது. தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் சிஎம்எஃப்ஆர்ஐ-யின் கே. அழகர்சாமி குழு 1973-ல் சொந்தமாக முயன்று, இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தது.

மரபணு இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. முத்துப் பையின் செல்கள், துண்டு கொடுத்த சிப்பியின் செல்கள். முத்தைச் சுமந்து உணவு கொடுப்பது வேறொரு சிப்பி. இரு வேறு இனச் சிப்பிகளை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்த ஆய்வுகள், அறுவடை நேரத்திலும் முத்துப் பையில் கொடையாளியின் ஜீன்கள் வேலை செய்வதைக் காட்டின. ஆக, நிறமும் பளபளப்பும் பெருமளவு கொடையாளியைப் பொறுத்தவை. முத்து எவ்வளவு பெரிதாகும் என்பதில் சுமக்கும் சிப்பியின் வளர்ச்சிக்கும் பங்கு உண்டு. வாடகைத் தாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2013-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், முத்தில் நுண்ணிய துளையிட்டு எடுத்த தூளிலிருந்து டிஎன்ஏ-வைப் பிரித்து, அது எந்த இனச் சிப்பியின் முத்து என்று சொல்ல முடியும் என்று காட்டினார்கள். 'ஒரிஜினல் தூத்துக்குடி' என்று யாராவது விற்றால், எந்த இனம் என்பதையாவது சோதிக்க அறிவியல் வழி இருக்கிறது.

மரபணு வரைபடம் என்ன சொன்னது?

ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையிலான குழு 2012-ல் பிங்க்டாடா ஃபுகாட்டாவின் முதல் மரபணு வரைவை வெளியிட்டது. அதே ஆண்டு, நாம் சாப்பிடும் வகையான பசிபிக் சிப்பியின் மரபணுவும் வெளியானது. வெப்ப அதிர்ச்சியிலிருந்து செல்லைக் காக்கும் ஒரு ஜீன் குடும்பம் மனிதரிடம் சுமார் 17 பிரதிகள். பசிபிக் சிப்பியிடம் 88! அலை வற்றியதும் வெயிலில் காய்ந்து கிடக்க வேண்டிய உயிருக்கு அது தேவைதான்.

2022-ல் ஒகினாவா குழு இன்னும் துல்லியமான வரைபடத்தைத் தந்தது. முத்துச் சிப்பிக்கு 14 ஜோடிக் குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் படித்தபோது, ஒரு ஜோடியில் மட்டும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தது. அந்தப் பகுதியில் இருந்தவற்றில் பல, நோய் எதிர்ப்பு தொடர்பான ஜீன்கள்.

இதில் என்ன பயம்? ஜப்பான் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுகளையே இணை சேர்த்தால், இந்த வேறுபாடு கரைந்துவிடும். நோய் வந்தால் தாக்குப்பிடிக்கும் ஆட்கள் மிஞ்ச மாட்டார்கள். இது வெறும் ஊகமில்லை: 1990-களின் நடுவில் ஜப்பான் அகோயா சிப்பிகள் நோயால் பெருமளவு மடிந்தன. 2019-ல் இளம் சிப்பிகள் மறுபடி கூட்டமாகச் செத்தன. பின்னர் ஒரு வைரஸ் அடையாளம் காணப்பட்டது.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சிஎம்எஃப்ஆர்ஐ 2023-ல், கல்லுமக்காய் என்று சாப்பிடுகிறோமே, அந்தப் பச்சை மட்டியின் மரபணுவை 15 குரோமோசோம் அளவில் வெளியிட்டது.

50 சிப்பி, ஆனால் கணக்கில் 18

டேட்டா ஆசாமியாக எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரு பொரிப்பகத்தில் 50 தாய், தந்தைச் சிப்பிகள் இருக்கின்றன. மரபணுக் கணக்கில் அவை உண்மையில் எத்தனைக்குச் சமம்? அதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு:

4 × ஆண் × பெண் ÷ (ஆண் + பெண்)

• 25 ஆண், 25 பெண் என்றால்: 4 × 25 × 25 ÷ 50 = 50. முழு மதிப்பு.

• 45 ஆண், 5 பெண் என்றால்: 4 × 45 × 5 ÷ 50 = 18. கண்ணுக்கு 50, கணக்குக்கு 18!

இளம் சிப்பிகள் பெரும்பாலும் ஆண் என்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவசரப்பட்டுச் சின்னச் சிப்பிகளையே தாய்க்கூட்டமாக வைத்தால் இந்த இரண்டாவது நிலைமைதான். முதல் கூட்டத்தில் ஒரு தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை 1 சதவீதம் கூடும். இரண்டாவதில் கிட்டத்தட்ட 2.8 சதவீதம்.

நிஜத்தில் இது இன்னும் மோசம். லட்சக்கணக்கில் முட்டை விடும் உயிரில், ஒரு தாயின் குஞ்சுகள் மொத்தமாகப் பிழைத்து, மற்றொரு தாயின் குஞ்சுகள் மொத்தமாகச் சாகலாம். மெதுவாக வளரும் குஞ்சுகளைச் சல்லடையில் சலித்து ஒதுக்குவது பொரிப்பகங்களில் வழக்கம். அதோடு சில குடும்பங்களே போய்விடும். சிப்பிகள் தீங்கான மறைமுக ஜீன்களை நிறையச் சுமப்பவை. உறவுக்குள் இணை சேர்ந்தால் அவை வெளிப்பட்டு, வளர்ச்சி குன்றும், சாவு கூடும்.

தூத்துக்குடிப் பார்கள் ஏன் வெறிச்சோடின?

1905-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டி முகாமில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வசூலைப் பார்த்து மயங்கிய லண்டன் நிறுவனம் ஒன்று, 1906-ல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் சிப்பிகள் காணாமல் போயின. குத்தகைக் காலம் முடியும் முன்பே நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. ஒரே ஒரு வருட டேட்டாவை வைத்து 20 வருடத்துக்குக் கோடு இழுத்தால் இதுதான் கதி.

நம் கரையிலும் இதே கதை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஏழு ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பு தொடர்கிறது. முத்துக்குளிப்பு பெரியவர்களின் பேச்சில் மட்டும்.

அளவுக்கு மீறி எடுத்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. மூன்று வாரக் குஞ்சுப் பயணத்தில் நீரோட்டம் தவறினாலோ, பார் மீது மணல் மூடினாலோ, மீன்களும் திருக்கைகளும் குஞ்சுகளை மேய்ந்துவிட்டாலோ ஒரு தலைமுறையே போய்விடும். 1985 முதல் 1990 வரை சிஎம்எஃப்ஆர்ஐ, பொரிப்பகத்தில் வளர்த்த சுமார் 10 லட்சம் குஞ்சுகளைத் தூத்துக்குடிக் கடலில் விட்டுப் பார்த்தது. முத்துக்குளிப்பு திரும்பி வரவில்லை. நம் 5 லட்சத்தில் ஒன்று கணக்கை நினைத்துப் பாருங்கள்: இயற்கை ஒரு நல்ல வருடத்தில் இறக்கும் குஞ்சுகளுக்கு முன்னால் 10 லட்சம் பெரிய எண்ணே இல்லை.

அதனால் இப்போது ஆய்வாளர்களின் அக்கறை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கடலில் விடும் குஞ்சுகளின் மரபணு வகை போதுமான அளவு பரந்திருக்கிறதா என்பதும் கேள்வி. சில தாய்ச் சிப்பிகளின் பிள்ளைகளை மட்டும் லட்சக்கணக்கில் கொட்டினால், மிச்சமிருக்கும் இயற்கைக் கூட்டத்தின் வகையும் சுருங்கிவிடக்கூடும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

நன்னீர் முத்து வளர்ப்பு நிஜமான தொழில்தான். புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இதற்குப் பயிற்சி தருகிறது. ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டம் முத்து வளர்ப்புக்கான தொகுப்பாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உங்களிடம் திட்டத்தோடு வருபவரிடம் இதைக் கேளுங்கள்:

• எந்த இனம்? பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம்.

• மட்டிகள் பொரிப்பகத்தில் பிறந்தவையா, ஏரியில் அள்ளியவையா?

• அறுவை முடிந்த பிறகு எத்தனை சதவீதம் பிழைக்கிறது? ஒரு தொகுதியின் கணக்கு போதாது, பல தொகுதிகளின் கணக்கு வேண்டும்.

• பிழைத்தவற்றில் எத்தனை விற்கக்கூடிய முத்து தந்தன? முத்து வந்தது வேறு, விலைபோகும் முத்து வேறு.

• 'திருப்பி வாங்குகிறோம்' என்பதற்கு எழுத்தில் என்ன நிபந்தனை? தரம் சரியில்லை என்று யார் முடிவு செய்வார்?

நன்னீர் முத்துச் சந்தையைப் பெருமளவு நிரப்புவது சீனா என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே ஒரே மட்டியிலிருந்து பல பத்து முத்துகள் எடுக்கிறார்கள். நீங்கள் போட்டி போடப்போவது அந்த விலையோடு.

ஆஸ்டின் டவுன் நண்பரிடம் இந்தக் கேள்விகளை அனுப்பினேன். அவர் அதை அப்படியே அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினார். இனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தள்ளுபடிச் சலுகை வந்தது: இன்றே கட்டினால் கட்டணத்தில் பாதி.

"பாதி விலைன்னு சொன்னதும் கை போச்சு மச்சா," என்றார் மறுவாரம். "அப்புறம் அந்த 20 வருஷக் குத்தகை ஞாபகம் வந்துச்சு."

பணம் இன்னும் அவர் கணக்கிலேயே இருக்கிறது. விடுமுறையில் தூத்துக்குடி போய் வரலாம் என்கிறார்.